ஒரு கட்டை கீழே

ஒக்ரோபர் 14, திங்கள்

காலையில் கிழவரின் கால் நகங்களை வெட்டினேன். கொம்பு மாதிரி வளர்ந்து கிடந்தன. வெட்டி முடிக்கும் வரைக்கும் ஒரு வார்த்தை நன்றி கிடையாது. "தண்ணி ஆறிப் போச்சு" என்றது மட்டும்தான். அவர் பேசுவது ஜேர்மன். எழுதும்போது எனக்கு என் ஊர்த் தமிழில்தான் வருகிறது, அதில் அவர் கொஞ்சம் நல்ல மனிதராகவும் தெரிகிறார்.

அன்ஸ்கார் வீபெர்ட், வயது எண்பத்தேழு, ஏழு ஓபரா எழுதியவர். ஜேர்மனிக்கு வெளியே இவரை யாருக்கும் தெரியாது. உள்ளேயும் தெரியாது. இந்த ஊர்ச் சனத்துக்கு இவரைவிட இவருடைய நாயைத்தான் கூட ஞாபகம் இருக்கிறது, அது செத்தும் பல வருஷம்.

இப்போது திடீரென்று மவுசு வந்திருக்கிறது. ஊர்த் தியேட்டரில் இவருடைய மூன்றாவது ஓபராவை அடுத்த மாதம் மறுபடி மேடையேற்றுகிறார்கள். பெயர் 'ஓடக்காரன் மகள்'. கதை இவ்வளவுதான்: தகப்பன் ஆற்றில் ஓடத்தோடு மூடுபனியில் மாட்டிக்கொள்கிறான். கரையில் மகள் பாடுகிறாள், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவன் கரை சேர வேண்டும். இரவெல்லாம் பாடி, விடியும் நேரம் அவளுடைய குரல் அறுந்து போகிறது. அவன் கரையேறி வீட்டுக்குள் வந்து, ஊமையாய் நிற்கிற மகளைப் பார்த்து, "அடுப்பு ஏன் மூட்டேல்லை?" என்று கேட்கிறான். திரை விழுகிறது.

இப்படியும் ஒரு தகப்பன் இருப்பானா என்று கேட்டேன். கிழவர் சிரித்தார்.

மகளாகப் பாடப் போவது என் மகள் ஆரபி. அது எப்படி நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. கிழவரின் செவிக் கருவிக்குப் புதிய பட்டரி போட்ட அன்று, அவளுடைய பாட்டுப் பதிவைப் போட்டுக் காட்டியவள் நான். மூன்று தரம் கேட்டார். பிறகு தியேட்டருக்கு ரெலிபோன் எடுக்கச் சொன்னார்.

ஒக்ரோபர் 17, வியாழன்

ஆரபி வந்தாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். கொஞ்சமாய்ச் சாப்பிட்டாள், எண்ணெய் தொண்டைக்கு ஆகாதாம். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, தியேட்டரில என்னைப் பிள்ளை எண்டு கூப்பிடாதேங்கோ. அங்கை உங்களைத் தெரியாத மாதிரித்தான் இருப்பன்."

"ஏன்?"

"நீங்கள் அவரைப் பராமரிக்கிறீங்கள். அதாலதான் எனக்கு இந்தப் பாத்திரம் கிடைச்சதெண்டு கதைப்பினம். நான் என்ரை குரலால வந்தனான்."

நியாயம்தான். சரி பிள்ளை என்றேன். மிச்சக் குழம்பை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒக்ரோபர் 22, செவ்வாய்

கிழவரை உருளும் நாற்காலியில் வைத்து ஒத்திகைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இசைக்குழுவை நடத்துகிறவர் தில்மான் என்கிற இளைஞர், கழுத்தில் பெண்பிள்ளைகள் மாதிரிச் சால்வை. எல்லாரும் கிழவரிடம் வந்து குனிந்து கைகொடுத்தார்கள். ஆரபியும் வந்தாள். அவருக்குக் கைகொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "வணக்கம், ஃபிராவ் யோகாம்பிகை" என்றாள். ஃபிராவ் என்றால் திருமதி.

ஐந்து வயதில் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து அவளுக்கு ஸரிகம சொல்லிக் கொடுத்தவள் நான். ஊரில் சங்கீதப் பரீட்சை நாலாம் தரம் வரைக்கும் பாஸ் பண்ணினவள். "வணக்கம்" என்றேன். நன்றாக நடித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒக்ரோபர் 30, புதன்

மழை. கிழவருக்கு வயிறு சரியில்லை, இரண்டு தரம் படுக்கை விரிப்பு மாற்றினேன். நடுவில் தன் ஓபராக்களைப் பற்றிச் சொன்னார். முதலாவது ஒரு மணியோசையைப் பற்றி, ஆறு பேர் எழுந்து போனார்களாம். இரண்டாவதை ஒரு பாடசாலையில் போட்டார்கள், தீயணைப்பு மணி அடித்து நின்றது. நாலாவதிலிருந்து ஏழாவது வரைக்கும் மேடையே காணவில்லை, அலுமாரியில் இருக்கின்றன. கை வைத்தால் தும்மல் வருகிறது.

நான் எங்கள் சங்கீதத்தைப் பற்றிச் சொன்னேன். எங்களிடம் சுருதி என்பது பாடுகிறவரின் தொண்டைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வது. இவருக்கு ஒன்றரைக் கட்டை, அவருக்கு ஐந்து கட்டை. தொண்டை சரியில்லையென்றால் அன்றைக்கு ஒரு கட்டை கீழே இறக்கிப் பாடுவார்கள், ஒருவரும் குறை சொல்வதில்லை.

கிழவருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. "கட்டை, கட்டை" என்று வாய்க்குள் போட்டுச் சப்பினார். "எழுதினதை இறக்கிறதோ? அது களவு, ஃபிராவ் யோகா" என்றார். பிறகு சூப்பில் உப்பு இல்லை என்று சண்டை பிடித்தார், "ஒரு கட்டை உப்புக் குறைவு" என்று.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று கிழவருக்குத் தலைமுழுக்கு. முதுகு தேய்க்கும்போது மனிதர்கள் எதையும் சொல்லிவிடுகிறார்கள்.

முதல் தரம் 'ஓடக்காரன் மகள்' மேடையேறியபோது மகளாகப் பாடியவர் இவருடைய மனைவி மார்லீஸ். கடைசிப் பாட்டின் உச்சத்தில் ஒரு சுரம், மூச்சு முட்ட முட்டப் பிடிக்க வேண்டும். மூன்றாம் நாள் காட்சியில் மார்லீசின் தொண்டைக்குள் இரத்தக் குழாய் வெடித்தது. அதன் பிறகு அவர் பாடவில்லை. பேக்கரியில் பாண் கேட்கவும் குரல் கரகரத்ததாம்.

"பாவம். ஆருக்குத் தெரியும் இப்பிடி நடக்குமெண்டு" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "அவளுக்கு எதுவரைக்கும் ஏலும் எண்டு எனக்குத் தெரியாதோ? அதுக்கு மேலே ஒரு சுரம் வைச்சு எழுதினனான். குரல் அறுகிற மாதிரி நடிச்சால் அது பொய். அறவேணும்."

என் கையில் சவர்க்கார நுரை. அதைக் கழுவிவிட்டு, துவாயால் தலையைத் துவட்டினேன். சாதாரணமாய்த்தான் துவட்டினேன். பிறகு ஆரபிக்கு ரெலிபோன் எடுத்து இதைச் சொல்லி, அந்தச் சுரம் ஏலுமா என்று கேட்டேன். "நல்ல தொண்டையோட இருந்தா சுகமா வரும் அம்மா, நான் மார்லீஸ் இல்லை" என்றாள். மனம் ஆறியது.

நவம்பர் 9, சனி

குளிர்காலச் சப்பாத்து வாங்கினேன். இடது கால் கடிக்கிறது.

நவம்பர் 13, புதன்

ஆரபிக்குத் தடிமன், தும்மலும் இருமலும். ஒத்திகை மண்டபத்தைச் சூடாக்குகிற கணகணப்பு வேலை செய்யவில்லையாம். தொண்டை டொக்டர் கமரா விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கிச் சிவந்திருக்கிறது, உச்சத்தில் அழுத்திப் பாடினால் உள்ளே இரத்தம் கசியும் என்று சொல்லிவிட்டார். பத்து நாளில் அரங்கேற்றம்.

கொத்தமல்லி அவித்துக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தவள் பின்னால் பார்த்துவிட்டு, படியில் வைத்தே வாங்கிக்கொண்டாள். உள்ளே தில்மானும் வேறு ஆட்களும் இருந்தார்களாம்.

நவம்பர் 16, சனி

அவளே வந்தாள். மெல்லிய குரலில் பேசினாள். தில்மான் வழி கண்டுபிடித்துவிட்டாராம். கடைசிப் பாட்டை மட்டும் ஒரு கட்டை இறக்கி, இசைக்குழுவுக்குப் புதுத் தாள் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். சனத்துக்கு வித்தியாசம் தெரியாது. கிழவருக்கு இருக்கிற காதுக்கு அவருக்கும் தெரியாது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அவர் சம்மதமில்லாமல் ஒரு சுரமும் மாற்றக் கூடாது, மாற்றினால் முழு ஓபராவையும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

"அம்மா, நீங்கள் அவரிட்டைச் சொல்லிப் போடாதேங்கோ."

"எனக்கென்ன விசரோ?"

என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். எத்தனை வருஷம் ஆகிறது அப்படிப் படுத்து. தலைக்கு எண்ணெய் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள், நாளைக்குப் படம் பிடிக்கிறார்களாம்.

நவம்பர் 19, செவ்வாய்

தியேட்டரில் பத்திரிகைக்காரருக்கு வரவேற்பு. கேக், கோப்பி, வெள்ளை வைன். கிழவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ஒரு பத்திரிகைப் பெண் ஆரபியிடம், இசை வீட்டிலிருந்து வந்ததா என்று கேட்டாள்.

"இல்லை" என்றாள் என் மகள். "எங்கட வீட்டில ஒருத்தருக்கும் பாட்டுத் தெரியாது. நானாத் தேடிப் படிச்சனான்."

அந்தப் பெண் என்னைக் காட்டி, "இவ உங்கட உறவோ?" என்று கேட்டாள். நிறத்தைப் பார்த்துக் கேட்டிருப்பாள்.

"இல்லையில்லை. இவ ஐயாவைப் பராமரிக்கிறவ. நல்ல மனுசி" என்று சொல்லி ஆரபி சிரித்தாள். படம் எடுக்க வேண்டியிருந்ததால் தன் மேலங்கியைக் கழற்றி என் கையில் தந்தாள். நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். படம் எடுத்து முடிய அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். மேலங்கியில் நான் வாங்கிக் கொடுத்த சால்வையும் இருந்தது.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவள் முன்பே சொல்லித்தானே வைத்தாள்.

நவம்பர் 20, புதன்

கிழவருக்குத் தலைமுழுக்கு. முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டார், "ஒத்திகையில கடைசிப் பாட்டு எப்பிடி? எனக்கு இப்ப சத்தம் மட்டும்தான் கேக்குது, சுரம் பிடிபடுதில்லை."

நல்லாயிருக்கு என்றேன். பிள்ளைக்குத் தொண்டை சரியில்லை, அதால சுருதியை இறக்கிப் போட்டினம் என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு கட்டை."

இதை நான் கோளாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சுருதி இறக்கினால் அது இரகசியமா? கச்சேரி மேடையிலேயே சொல்லிவிட்டுத்தான் இறக்குவார்கள். வாய் வழக்கமாய் வந்துவிட்டது. கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது, சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

கிழவர் குளியல் தொட்டியில் தண்ணீர் ஆறியதைக்கூடக் கவனிக்கவில்லை. பின்னேரம் ஒரு கோழிக்கால் முழுவதையும் சாப்பிட்டார்.

நவம்பர் 21, வியாழன்

உடையோடு முழு ஒத்திகை. கடைசிக் காட்சி தொடங்கும் நேரம், கிழவர் நாற்காலியின் கைப்பிடியை அடித்துக் கத்தினார். அந்த உடம்புக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது.

"ஒரு கட்டை! என்னட்டையிருந்து ஒரு கட்டை களவெடுத்துப் போட்டீங்கள்!"

கட்டை என்பதை மட்டும் தமிழிலேயே சொன்னார். தில்மானுக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். வயசாளி, சில நேரம் இப்படித்தான் என்றேன். அதற்குள் கிழவர் தங்கள் பாஷையில் தெளிவாகவே சொல்லிவிட்டார். எழுதியபடி பாடாவிட்டால் நாளை மறுநாள் அரங்கேற்றம் இல்லை, வக்கீலிடம் பேசியாயிற்று.

மேடையில் ஆரபி கரைபோலக் கட்டிய பலகையில் நின்றாள். அவள் கிழவரைப் பார்க்கவில்லை. நான் நின்ற பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வெகு நேரம். முகத்தில் அத்தனை விளக்கு அடித்தால் கீழே இருட்டில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்திருக்காது.

தில்மான் மேடைக்கு ஓடினார். லைப்சிக் நகரத்தில் ஒரு பாடகி இருக்கிறாள், இந்தப் பாத்திரம் பாடமானவள். அவள் மேடை ஓரத்தில் நின்று பாடட்டும், நீ வாயசைத்து நடி. ஆட்களுக்கு உடம்பு சரியில்லையென்றால் இங்கே அப்படிச் செய்வது வழக்கமாம், சனமும் ஒன்றும் நினைக்காதாம்.

"வேண்டாம். எழுதினபடியே பாடுறன்" என்றாள் ஆரபி, இன்னும் என் பக்கம் பார்த்தபடி.

என் பிள்ளை தைரியசாலி. அது என் பக்கத்துக் குணம்.

நவம்பர் 22, வெள்ளி

ரெலிபோன் எடுத்தேன். எடுக்கவில்லை. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறாள் போல.

நவம்பர் 24, ஞாயிறு

நேற்று அரங்கேற்றம் நடந்தது.

மேடையேறும் முன் பாடகரின் தோளுக்கு மேலாகத் துப்புவது போல "தொய் தொய் தொய்" என்று சொல்வது இங்கத்தை வழக்கம், நாவூறு கழிக்கிற மாதிரி. பதிலுக்கு நன்றி மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்குக் கெட்டது நடக்கும் என்று ஆரபிதான் எனக்குச் சொல்லித் தந்தவள். கிழவரைத் தள்ளிக்கொண்டு போகும் சாட்டில் திரைக்குப் பின்னால் போய் அவளுக்குச் சொன்னேன். எல்லாரும் நின்றார்கள்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நன்றி, ஃபிராவ் யோகாம்பிகை" என்றாள்.

பதற்றத்தில் வழக்கத்தை மறந்துவிட்டாள் பாவம்.

கடைசிப் பாட்டு வரைக்கும் நல்லாகவே பாடினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சுரம் வந்தது. பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அதன் பிறகு ஒன்றும் இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. வாத்தியங்கள் வாசித்துக்கொண்டே போயின. கையைத் தொண்டையில் வைத்தாள். முழங்காலில் விழுந்தாள். ஓடக்காரன் வந்து, "அடுப்பு ஏன் மூட்டேல்லை?" என்று பாடினான். திரை விழுந்தது.

சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவர்களுக்கு அது கதையில் உள்ளதுதானே. பக்கத்தில் நின்ற ஒருவர், "என்ன நடிப்பு, என்ன நடிப்பு" என்று கண்ணைத் துடைத்தார். திரையை ஏழெட்டுத் தரம் தூக்கினார்கள். ஒவ்வொரு தரமும் ஆரபி நடுவில் நின்று குனிந்தாள். உதட்டோரத்தில் சிவப்பாய் இருந்தது, சாயம் என்று நினைத்திருப்பார்கள்.

கிழவர் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மார்லீசுக்குக்கூட இவ்வளவு சரியா வரேல்லை."

கையை உதறினேன். பிறகு அவருக்குக் குளிருமே என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நேற்று ஆபரேஷன் முடிந்துவிட்டது. குரல் நாணில் நிறைய இரத்தம் கட்டியிருந்ததாம், ஓரம் கிழிந்தும் இருந்ததாம். மூன்று வாரம் ஒரு சொல் பேசக் கூடாது, இருமவும் கூடாது. பேச்சுத் திரும்பி வரும் என்றார் டொக்டர். பாட்டு என்று கேட்டேன். "இந்தப் பாட்டுப் பாடவே கூடாது என்று முன்னமே சொன்னோமே" என்றார், என்னவோ நான் பாட வைத்த மாதிரி. கழிவறைக்குப் போய் அழுதேன். பொய் சொல்லவில்லை, சத்தம் வர அழுதேன்.

திரும்பி வந்தபோது தாதி ஆரபியிடம் என்னைக் காட்டி, "இவ ஆர்? உறவுக்காரர் மட்டும்தான் உள்ளே நிக்கலாம்" என்றாள். ஆரபிக்கு எழுதக் கொடுத்த தாளில் அவள் பெரிய எழுத்தில் எழுதினாள்: என் அம்மா.

தாதி போன பிறகு அந்தத் தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 4, புதன்

ஆரபி என்னோடுதான் இருக்கிறாள். தன் வீட்டுக்குத்தான் போவாள் என்று நினைத்தேன், பேச முடியாத பிள்ளை தனியாக என்ன செய்யும்? நான் வேலைக்குப் போகும்போது கதவடியில் வந்து நிற்கிறாள். வந்தால் ரீ வைத்திருக்கிறாள், சோறு வடித்திருக்கிறாள். நான் பேசுகிறேன், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஊரைப் பற்றி, அவளுடைய அப்பாவைப் பற்றி, எல்லாம் சொன்னேன். முன்பென்றால் பாதியில் எழுந்து போய்விடுவாள். நேற்றுத் தலைக்கு எண்ணெயும் வைத்துவிட்டேன்.

இப்படி எழுதக் கூடாதுதான், ஆனாலும் பல வருஷத்துக்குப் பிறகு வீடு வீடாய் இருக்கிறது.

மத்தியானம் சிறுபலகையில் எழுதிக் காட்டினாள்: அவருக்கு ஆர் சொன்னது?

"எனக்கெப்பிடித் தெரியும் பிள்ளை? இசைக்குழுவில ஆரும் சொல்லியிருப்பினம். பொறாமை பிடிச்ச சனம்."

தலையாட்டினாள். பலகையை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தாள்.

டிசம்பர் 16, திங்கள்

இன்று பேச அனுமதி. குரல் பயிற்சிக்காரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வெளிச்சமான அறை, சன்னலில் பூச்சாடி. பயிற்சிக்காரி சொன்னாள், "அவசரப்படாதேங்கோ. உங்களுக்குப் பிடிச்ச ஒரு சொல், ஒண்டே ஒண்டு. உங்கட தாய் மொழியிலயே சொல்லுங்கோ."

எனக்கு அது என்ன சொல்லாக இருக்கும் என்று தெரிந்திருந்தது. கதிரையை அவளுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பைக்குள் அந்தத் தாளும் இருந்தது.

ஆரபி என் கண்ணைப் பார்த்தாள். தொண்டை அசைந்தது. மணலை உரசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. அது என் பிள்ளையின் குரல் இல்லை.

"ஒரு கட்டை" என்றாள்.

பயிற்சிக்காரி கைதட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டாள். சங்கீதத்தில் வருகிற சொல் என்றேன். "அருமை. முதல் சொல்லே சங்கீதம்" என்றாள். "ஆரிட்டை படிச்சனீங்கள்?"

ஆரபி என்னைக் கையால் காட்டினாள். ஜேர்மனில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "இவ ஐயாவைப் பராமரிக்கிறவ" என்றாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

கிழவருக்கு முழுக்கு, மலம் இறுகியிருந்தது, மருந்து கொடுத்தேன். லைப்சிக் பாடகி இப்போது தினமும் பாடுகிறாளாம், குரல் அறுகிற இடத்தை நடித்துச் சமாளிக்கிறாளாம். கிழவருக்குப் பிடிக்கவில்லை. "பொய்" என்றார். "உங்கட பிள்ளை எப்ப திரும்பி வருவா?" என்று வேறு கேட்டார். சூப்பைக் கொஞ்சம் சூடாகவே கொடுத்தேன்.

இரண்டு பேருந்தும் பிந்தி வந்தன. கால் கடிக்கிறது, இந்தச் சப்பாத்தை மாற்ற வேண்டும். வீட்டில் விளக்கு இல்லை. அவளுடைய உடுப்புகள் இல்லை, சிறுபலகை மேசையில் துடைத்துக் கிடந்தது.

அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. போகிறவள் போகட்டும். இந்தக் குளிரில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவளுக்கு ஒரு சோறாவது வடித்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.